கிரீன் பராமரிப்பில் கைகொடுத்த சிக்கன உத்திகள்

சென்னையிலிருந்து:

எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கிரீன்களில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரைகளில், வளர்வது நம் அறுகம்புல்லின் கலப்பினம். அதை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்திலேயே ஓயாமல் வெட்டிவருவதால், கோடையில் ஒரு வேளை தண்ணீர் குறைந்தாலும் உடனே வாடத் தொடங்கிவிடும். ஒரு சித்திரையில் ஒரே கிரீனின் கீழ்ப்பகுதி சதசதவென்று கிடக்க, மேல்பகுதி மட்டும் பழுத்துப்போயிற்று. மண்ணில்தான் கோளாறு என்றார்கள். மருந்து அடிக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

எங்கள் மூத்த பணியாளரோ, சமையலறையிலிருந்து ஒரே அளவுள்ள காலி டப்பாக்களைச் சேகரித்து வந்து, காற்று எழாத விடியற்காலையில் கிரீன் முழுவதும் சம இடைவெளியில் வைத்து, ஸ்ப்ரிங்ளர்களை 15 நிமிடம் ஓடவிட்டார். டப்பாக்களில் நின்ற நீரின் உயரத்தை அளந்து, கிரீனின் வரைபடத்தில் அந்தந்த இடத்தில் குறித்துக்கொண்டோம். மிகக் குறைவாக நீர் விழுந்த கால் பங்கு டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால், நீர் எவ்வளவு சீராகப் பரவுகிறது என்பது தெரிந்துவிடும். விடை ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. எங்களுக்குக் கிடைத்தது பாதிக்குச் சற்றே மேல். வறண்ட பக்கத்து ஸ்ப்ரிங்ளர் தரைமட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து சாய்ந்திருந்ததும், அடுத்ததன் நாசில் தேய்ந்திருந்ததும் அதன் பிறகே கண்ணில் பட்டன. மருந்துச் செலவு மிச்சம். அடி குறுகி வாய் அகன்ற குவளைகளை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நீரின் உயரம் தவறாகக் காட்டும்.

நீலகிரியிலிருந்து:

இங்கே எங்கள் தொல்லை பனி. இலைமேல் ஈரம் நெடுநேரம் தங்கினால் டாலர் ஸ்பாட் போன்ற பூஞ்சை நோய்கள் எளிதில் பரவுகின்றன. வளையக்கூடிய நீண்ட மூங்கில் கழியைக் கிரீன்மேல் பக்கவாட்டில் வீசி, புல் வெட்டுவதற்கு முன்பே பனியை உதிர்த்துவிடுகிறோம். மண்புழுக்கள் தள்ளிய மண்ணும் அதே வீச்சில் சிதறிவிடுவதால், வெட்டும் கத்திக்கும் நல்லது. கடையில் இதற்கென்று விற்கும் ஃபைபர் கழியையும் பார்த்திருக்கிறேன். நம் மூங்கிலைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோயம்புத்தூர்ப் பணிமனையிலிருந்து:

டப்பாவும் மூங்கிலும் சரி, ஆனால் ரீல் மூவரில், அதாவது உருளையாகச் சுழலும் கத்திகளால் (ரீல்) புல் வெட்டும் இயந்திரத்தில், கைவைத்தியத்துக்கு எல்லை உண்டு. ரீலைப் பின்புறமாகச் சுழலவிட்டு, கார்போரண்டம் என்னும் தீட்டும் பொடி கலந்த பசையை நீண்ட கைப்பிடியுள்ள தூரிகையால் தடவி முனையைத் தீட்டலாம். சுழலும் ரீலின் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது. பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தடித்த கையுறையோடு ரீலை மெல்லத் திருப்பி, செய்தித்தாள் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லா இடத்திலும் சுத்தமாக அறுபட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து ரீல் கூம்பாகிவிட்டிருந்தால் பசை உதவாது. கிரைண்டிங் இயந்திரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கிரீனில் குழி வெட்டும் ஹோல் கட்டரையும் பட்டறையில் செய்ய முயலாதீர்கள்: குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் என்பது விதி, விளிம்பு பிசிறினால் ஆட்டக்காரர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.