ஜூலைத் தொடக்கத்தில் பான்ஃப், யோஹோ, ஜாஸ்பர்: அம்மாவோடும் பிள்ளைகளோடும் மலை நடை, இந்தத் திட்டம் சரிவருமா?

வன்னிமகள் (ரொறன்ரோ)

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கூடங்கள் ஜூன் கடைசியில் மூடியதும், ஜூலை முதல் வாரத்தில் கல்கரிக்குப் பறந்து, அங்கே கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பத்து நாள் மேற்குக் கனடாவின் ரொக்கி மலைப் பூங்காக்களில் நடந்து திரிய எண்ணியிருக்கிறோம். நான், கணவர், 15 வயது மகள், 12 வயது மகன், 68 வயதான என் அம்மா என மொத்தம் ஐந்து பேர்.

இப்போதைக்கு வரைந்திருக்கும் திட்டம் இதுதான்: பான்ஃப் நகரில் இரண்டு இரவு, லேக் லூயிஸில் இரண்டு, யோஹோ பூங்காவின் ஃபீல்ட் கிராமத்தில் ஒன்று, ஜாஸ்பரில் மூன்று, திரும்பி வந்து கல்கரியில் ஒன்று. மகளுக்கு மொரெய்ன் ஏரியிலிருந்து சென்டினல் கணவாய்க்கு ஏற வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம். படங்களைப் பார்த்து ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு லேக் லூயிஸுக்கு மேலே இருக்கும் தேநீர் விடுதிக்குப் போக ஆசை. அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் சமதரையில் நன்றாக நடப்பவர், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். அந்தப் பருவத்தில் உயரமான பாதைகளில் பனி இருக்குமா, அம்மாவுக்கு ஏற்ற பாதைகள் எவை, தங்கும் இடங்களை நான் பிரித்திருக்கும் விதம் சரியா என்று அங்கே பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலையடிவாரன் (கல்கரி)

வணக்கம் சகோதரி. உங்கள் திட்டத்தில் நான் முதலில் கைவைப்பது தங்கும் இடங்களில்தான். ஒன்பது இரவுக்கு ஐந்து விடுதி என்றால், காலையில் பெட்டி கட்டுவதிலும் மாலையில் அறை கிடைக்கக் காத்திருப்பதிலும் நடக்கக்கூடிய நேரம் போய்விடும். இந்த மலைகளில் காலை நேரம்தான் பெறுமதியானது. பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம் என்பதால், மரங்களுக்கு மேலே உள்ள திறந்த வெளியிலிருந்து மதியத்துக்குப் பிறகு இறங்கிவிடுவதே நல்லது. லேக் லூயிஸிலிருந்து ஃபீல்ட் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே யோஹோவுக்கென்று தனி இரவு தேவையில்லை. ஒரே இடத்தில் நான்கைந்து இரவு தங்கி இரண்டு பூங்காக்களையும் பார்த்துவிடலாம். லேக் லூயிஸில் அறை விலை உங்களைத் திகைக்க வைத்தால், மேற்கே கோல்டன் ஊரையோ பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள கான்மோரையோ பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரம்.

அடுத்தது பனி. சென்டினல் கணவாய் 2,611 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகவரச் சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் 725 மீட்டர் அளவில் வரும். லார்ச் பள்ளத்தாக்கு வரை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் உங்கள் பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது. அதற்கு மேலே கணவாய்க்கு ஏறும் கடைசிச் சரிவு செங்குத்தான கற்குவியல். ஜூலை முதல் வாரத்தில் அதில் பனி படிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு, சில வருடங்களில் நடுப்பகுதி வரைகூட நிற்கும். பனிக்கோடரி பிடித்துப் பழகாத குடும்பம் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. யோஹோவின் ஐஸ்லைன் பாதைக்கும் இதே நிலைதான். பயணத்தை ஜூலை கடைசிக்குத் தள்ள முடிந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்; ஆனால் அப்போது காட்டுத்தீப் புகை வந்து மலைகளை மூடிவிடும் அபாயம் கூடும். ஜூலைத் தொடக்கத்தில் வானம் பெரும்பாலும் புகையின்றி இருக்கும், பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் பொங்கும், இரவு பத்து மணி வரை வெளிச்சம் நிற்கும். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ஜூலைத் தொடக்கத்தையே எடுத்துக்கொண்டு, உயரமான கணவாய்களை விட்டுக்கொடுப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: 2023 முதல் மொரெய்ன் ஏரிச் சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பேருந்தில் முன்பதிவு செய்து போகலாம். இருக்கைகளில் ஒரு பகுதி வசந்த காலத்தில் விற்பனைக்கு வரும். மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, இங்குள்ள நேரப்படி காலை எட்டு மணிக்கு விடுவார்கள். வசந்த கால விற்பனையை ரொறன்ரோவிலிருந்து முயல்வதானால் உங்கள் கடிகாரத்தில் அது பத்து மணி.

கார்த்திகைப்பூ

அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் முதியவர்களோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேநீர் விடுதி விஷயத்தில்தான் தவறான எதிர்பார்ப்போடு போகிறார்கள்.

ஆக்னஸ் ஏரித் தேநீர் விடுதி 1901-இல் கனடியப் பசிபிக் ரயில்வே கட்டிய ஒதுங்கிடத்திலிருந்து தொடங்கியது. அங்கே வாகனம் போகாது, மின்சாரமும் கிடையாது. லேக் லூயிஸ் கரையிலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் ஏற வேண்டும். தூரத்தைக் கேட்டதும் சிறிதாகத் தோன்றும். ஆனால் பாதை இடைவிடாத ஏற்றம், திரும்பும்போது அத்தனையும் இடைவிடாத இறக்கம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலிப்பதே இறக்கத்தில்தான் என்கிறீர்கள். இரண்டு ஊன்றுகோல்களோடு, மிக மெதுவாக, மூன்று மணி நேரம் ஒதுக்கினால் சாத்தியமாகலாம். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவர் மூன்று நாள் அறையிலேயே இருக்க நேர்ந்தால் மனம் வருந்தும். 'ஆறு பனியாறுகளின் சமவெளி' (Plain of Six Glaciers) என்ற இடத்தில் இன்னொரு தேநீர் விடுதி உண்டு, சரிவு சற்று மென்மையானது, ஆனால் தூரம் ஒரு வழிக்கே ஐந்து கிலோமீட்டருக்கு மேல்.

சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு இந்தப் பகுதியில் குறைவே இல்லை. லேக் லூயிஸின் வடகரையை ஒட்டிய பாதை ஏரியின் மறுமுனை வரை இரண்டு கிலோமீட்டர், முற்றிலும் சமம். அந்த முனையில் நின்று பார்த்தால் பனியாறு அரைத்துக் கொண்டுவந்த கல்மாவு தண்ணீரில் கலந்து மிதப்பதும், ஏரியின் நீலப்பச்சை நிறம் அங்கிருந்தே தொடங்குவதும் தெரியும். யோஹோவில் எமரால்ட் ஏரியைச் சுற்றி வரும் பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சம். மறுகரையில் வேர்களும் சேறும் உண்டு என்பதால் அம்மா பாதி வரை போய்த் திரும்பினாலும் போதும். ஜான்ஸ்டன் பள்ளத்தாக்கில் கீழ் அருவி வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம், பாறைச் சுவரை ஒட்டிக் கைப்பிடியோடு பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டத்தில் நெரிபட வேண்டியதில்லை. யோஹோவின் டக்ககாவ் அருவி 373 மீட்டர் உயரம், வாகனத் தரிப்பிடத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, ஜூலைத் தொடக்கத்தில் சாரல் முகத்தில் அறையும். மேலே நின்று மலைத்தொடரைப் பார்க்க வேண்டும் என்றால் பான்ஃப் நகரில் சல்ஃபர் மலைக்கு ஏறும் கேபிள் கார் இருக்கிறது.

உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். லேக் லூயிஸ் 1,731 மீட்டர்தான், நுவரெலியாவைவிடத் தாழ்வு.

நெடுஞ்சாலைக்காரன் (எட்மன்டன்)

ஜாஸ்பரை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொல்வதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் 230 கிலோமீட்டர் சாலைக்காகவே அந்தப் பக்கம் வரலாம். பலர் இதை ஒரே நாளில் போய்த் திரும்பி, காரின் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாமல் கல்கரியில் இறங்கி எட்மன்டனில் விமானம் ஏறும்படி பயணச்சீட்டு எடுங்கள். காரை வேறு ஊரில் விடுவதற்குக் கட்டணம் கேட்பார்கள்தான், ஆனால் வந்த வழியே நானூறு கிலோமீட்டர் திரும்பி ஓட்டும் சலிப்பும், கல்கரியில் வீணாகும் அந்தக் கடைசி இரவும் மிச்சமாகும்.

சென்டினல் கணவாய்க்குப் பதிலாக உங்கள் மகளை இந்தச் சாலையோரம் தொடங்கும் வில்காக்ஸ் கணவாய்ப் பாதையில் ஏற்றுங்கள். சாலையே 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அரை மணி நேரத்தில் மரங்களைத் தாண்டிவிடுவீர்கள். சிவப்பு நாற்காலிகள் போட்டிருக்கும் மேட்டிலிருந்து எதிரே அதபாஸ்கா பனியாறு முழுவதும் தெரியும். பெருங்கொம்பு ஆடுகள் மேய்வதையும் அடிக்கடி பார்க்கலாம். மேலே கணவாயில் பனியும் சேறும் இருந்தாலும், அந்த மேடு வரையான பகுதி பெரும்பாலும் நடக்கத்தக்கதாக இருக்கும். பிறகு கீழே இறங்கி, பனியாறு முன்பு எங்கே இருந்தது என்று ஆண்டு வாரியாக நட்டிருக்கும் பலகைகளைப் பிள்ளைகளோடு பின்தொடர்ந்து நடங்கள். கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் தடுப்பைத் தாண்டிப் பனியாற்றின்மேல் கால் வைக்க வேண்டாம், பனிக்கு அடியில் பிளவுகள் மறைந்திருக்கும், ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

ஜாஸ்பரில் 2024 ஜூலையில் வந்த தீ, ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை எரித்துவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள சில பாதைகள் கருகிய காட்டுக்குள் போகின்றன; அங்கே நிழல் இருக்காது, காற்றடிக்கும் நாளில் எரிந்த மரங்கள் சாயும். தங்குமிடங்களும் முன்போல் இல்லை என்பதால் அறையை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள். மூன்று இரவு வேண்டாம், இரண்டு போதும். லேக் லூயிஸ் - ஜாஸ்பர் சாலையில் பெரும்பகுதி தொலைபேசித் தொடர்பு கிடையாது, இடையில் எரிபொருள் கிடைப்பது சஸ்காச்சவன் கிராசிங் என்ற ஒரே இடத்தில், அதுவும் விலை அதிகம். லேக் லூயிஸிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

வன்னிமகள் (ரொறன்ரோ)

மூவருக்கும் மிக்க நன்றி. எட்மன்டனில் விமானம் ஏறலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கணவர் உடனே விலை பார்க்கத் தொடங்கிவிட்டார். பான்ஃபில் இரண்டு, லேக் லூயிஸ் பக்கம் ஐந்து, ஜாஸ்பரில் இரண்டு என்று இரவுகளை மாற்றிக்கொள்கிறோம். மகளிடம் பனி பற்றிச் சொன்னேன். கணவாய் வேண்டாம், லார்ச் பள்ளத்தாக்கு வரையாவது போகலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள். ஆனால் அங்கே நான்கு பேருக்குக் குறையாமல் போக வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகப் படித்தேன். நானோ கணவரோ அம்மாவோடு ஏரிக்கரையில் இருந்துவிட்டால் ஏறப்போவது மூன்று பேர்தானே? அப்போது என்ன செய்வது?

மலையடிவாரன் (கல்கரி)

அந்த விதி உண்மைதான். மொரெய்ன் ஏரியைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் கிரிஸ்லி கரடிகள் பெர்ரிப் பழங்களைத் தேடி வரும் பருவத்தில், நான்கு பேருக்குக் குறையாத குழுவாக, ஒருவரை ஒருவர் ஒட்டியே நடக்க வேண்டும் என்று பார்க்ஸ் கனடா ஆணையிடும். மீறினால் 25,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆணை எந்த நாளில் வரும் என்பது கரடிகளின் நடமாட்டத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும். ஆகவே நீங்கள் போகும் வாரத்தில் அது நடைமுறைக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தால், பாதை தொடங்கும் இடத்தில் உங்களைப் போலவே ஆள் குறைந்த சிறு குழுக்கள் காத்து நிற்கும். அவர்களோடு சேர்ந்துகொள்வது அங்கே சாதாரணம். சேர்ந்தால் கடைசி வரை சேர்ந்தே நடக்க வேண்டும், பாதியில் பிரியக் கூடாது என்பதை மட்டும் முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் மகன் மெதுவாக நடப்பவன் என்றால் வேகமான இளைஞர் குழுவில் சேராதீர்கள்.

ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரடி ஸ்ப்ரே (கரடி தாக்க வந்தால் அதன் முகத்தை நோக்கி அடிக்கும் மிளகாய்த் தெளிப்பான்) கட்டாயம் வேண்டும். அதை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது, கல்கரியிலோ பான்ஃபிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவருக்கும் தனித்தனியாக ஒன்று வாங்கி, முதுகுப்பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றும் விதத்தைக் கடைக்காரரிடமே கேட்டுச் செய்து பாருங்கள். கடைகளில் தொங்கும் கரடி மணிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், கரடியை எச்சரிக்க அந்தச் சத்தம் போதாது. வளைவுகளிலும் ஓடைகளின் அருகிலும் உரக்கப் பேசிக்கொண்டும் கூப்பிட்டுக்கொண்டும் போனாலே போதும். ஊருக்குத் திரும்பும் முன் மீதமுள்ள ஸ்ப்ரேயை விடுதி வரவேற்பறையில் கொடுத்துவிடலாம், பெரும்பாலும் அடுத்து வருபவர்களுக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.