ஜெர்மனி: கேட்காத மொபைல் ஒப்பந்தத்தை ஊரில் இருந்தபடி மறுப்பது எப்படி?

கேள்வி: வருடத்தில் பாதி பிராங்க்பர்ட், பாதி திருச்சி. போனில் ஆஃபர் என்று பேசினார்கள். "விவரம் அனுப்புங்கள்" என்றதோடு சரி. இப்போது 24 மாத ஒப்பந்தம் என்று பணமும் எடுத்துவிட்டார்கள். 14 நாள் ரத்துக் கெடுவும் தாண்டிவிட்டது. வழி உண்டா?

பதில்: உண்டு. தொலைத்தொடர்புச் சட்டம் 54ஆம் பிரிவுப்படி போனில் பேசியது மட்டும் போதாது. ஒப்பந்தச் சுருக்கம் கைக்கு வந்தபின் நீங்கள் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ சம்மதம் தந்திருக்க வேண்டும். "ஒப்பந்தமே ஏற்படவில்லை, என் சம்மதத்தைக் காட்டுங்கள், எப்படியானாலும் ரத்து செய்கிறேன்" என்று எழுதுங்கள். வெறுமனே "கேன்சல்" என்று எழுதினால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு பிறகு விலகுவதாக எடுத்து, 24 மாதம் முடிந்துதான் நிறுத்துவார்கள். ரத்து உரிமையைத் தெரிவிக்கவே இல்லையென்றால் அந்தக் கெடு மேலும் 12 மாதம் நீளும். அவர்கள் அனுப்பும் லிங்க் எதையும் தொடாதீர்கள்.

பதில்: பணத்தை வங்கி ஆப்பிலேயே திருப்பலாம். 8 வாரத்துக்குள் காரணம் கேட்கமாட்டார்கள்; நீங்கள் அனுமதியே தராத டெபிட் என்றால் 13 மாதம் வரை. அதே பில்லில் பழைய சிம் கட்டணமும் இருந்தால் அதை மட்டும் தனியாகக் கட்டிவிடுங்கள்.

பதில்: ஊரில் இருப்பவர்களைக் கவிழ்ப்பது மஞ்சள் கவர்தான். அதில் வரும் நீதிமன்றத்தின் மான்பெஷைட் (பாக்கியைக் கட்டச் சொல்லும் உத்தரவு) உங்கள் ஜெர்மனி வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்தாலே சேர்ந்ததாகக் கணக்கு. 2 வாரத்தில் மறுக்க வேண்டும். பெட்டிச் சாவியை நம்பகமானவரிடம் கொடுத்து, கவர் வந்த அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூட வரும் படிவத்தில் முழுத் தொகையையும் மறுக்கும் கட்டத்தில் டிக் செய்து கையெழுத்திட்டால் போதும், காரணம் எழுத வேண்டாம். திருச்சித் தபாலை நம்பாதீர்கள், ஃபேக்ஸில் அனுப்புங்கள்.