இலை அடைக்கு வாழையிலை வாட்டியும் கிழிகிறது, என்ன செய்ய?

கேள்வி (மார்த்தாண்டத்துக்காரி, இப்போது சென்னை):
சக்கைப்பழமும் (பலாப்பழம்) வெல்லமும் அரிசி மாவுக்குள் வைத்து, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் இலை அடை செய்கிறேன். இலையை கேஸ் அடுப்பில் வாட்டித்தான் எடுக்கிறேன். ஆனாலும் மடித்ததும் நெடுகக் கிழிந்து, வெல்லம் இட்லிப் பானைத் தண்ணீரில் ஒழுகிவிடுகிறது. சில இடம் கருகி மொடமொடத்தும் போகிறது. ஊரில் அம்மா செய்தால் ஒரு இலைகூடக் கிழியாது.

தக்கலை அக்கா:
வாழையிலை எப்பவும் நரம்பு ஓடுற வழியிலதான் கிழியும் மோளே. அதனால ஈரத்துணியால துடைக்கும்போதே நரம்பு போற போக்கில துடைக்கணும். குறுக்கே அழுத்தித் தேய்ச்சா அப்பவே கீறல் விழுந்துரும், மடிக்கும்போதுதான் அது தெரியும். நடுத்தண்டை முழுசா வெட்டி எடுத்துரு. பிறகு தீயைத் தணிச்சு வச்சு, இலையை ஒரே இடத்தில நிறுத்தாம இழுத்துக்கிட்டே வாட்டு. மெழுகு இளகி, வெளிர்பச்சை கரும்பச்சையா மாறிப் பளபளன்னு வரும். நிறம் மாறினதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துரணும். அதுக்கு மேல காட்டினா ஈரம் வத்தித்தான் மொடமொடப்பு வருது.

மதுரையிலிருந்து:
தீயில் கை வரவில்லை என்றால் ஆவியில் வாட்டலாம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் இலைத் துண்டுகளை ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். கருகவே கருகாது. தீயில் வாட்டிய மணம் மட்டும் கொஞ்சம் குறையும்.

மார்த்தாண்டத்துக்காரி:
நன்றி அக்கா, நன்றி மதுரை. கடையில் கட்டாக வாங்கிய சாப்பாட்டு இலை. ஓரம் லேசாக மஞ்சளாக இருக்கிறது. அதனாலும் கிழியுமா?

தக்கலை அக்கா:
பின்னே? மஞ்சளிச்ச இலையை எவ்வளவு வாட்டினாலும் துவளாது, அந்த ஓரத்தை வெட்டிப் போடு. ரொம்பக் குருத்தும் வேண்டாம், முத்தினதும் வேண்டாம், இடைப்பட்ட இலைதான் மடிக்கத் தோது.

இன்னொண்ணு, ஒழுகுறதுக்கு இலை மட்டும் காரணமில்ல. சக்கையில தண்ணி விடும். வெல்லம், தேங்காயோட சேர்த்து உருளியில சுருள வதக்கி, நல்லா ஆறினப்புறம் வை. சூட்டோட வச்சா மாவு இளகிரும். மாவை இலை ஓரம் வரைக்கும் பரத்தாம ஒரு விரல் இடம் விடு. சின்னக் கிழிசல்னா இலையைத் தூரப் போடாண்டாம், வாட்டின துண்டு ஒண்ணை உள்பக்கமா வச்சு அது மேல மாவு பரத்து, போதும்.

மதுரையிலிருந்து:
வாட்டிய இலை மீந்தால் ஈரமில்லாமல் துடைத்து, சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளும் மடிக்க வரும்.