அறிவிப்பில் தபாலாபீஸ் படம் போடலாமா, வேண்டாமா?

வேளிமலைக்காற்று:
நம்ம குமரி மாவட்டப் பகுதிச் செய்திக் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆதார் திருத்தம், செல்வமகள் சேமிப்பு, பென்ஷன் என்று அஞ்சலகம் சம்பந்தப்பட்ட எந்த அறிவிப்பானாலும் முன்னால் 🏤 போடலாமாம். "அஞ்சலகம்" என்று எழுதவே வேண்டாம், படமும் கிழமையும் நேரமும் போதும் என்கிறார்கள் சிலர். வாட்ஸ்அப், டெலிகிராம், இணையதளம், அச்சு நோட்டீஸ் நாலிலும் ஒரே மாதிரி வரவேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

குளச்சல்கரை:
அந்தச் "சிலர்" நான்தான். காலை வணக்கம், மீன் விலை, ரப்பர் விலை, மின்தடை எல்லாம் ஒரே குழுவில் வந்து விழுகிறது. தள்ளிக்கொண்டே போகும்போது கண் நிற்பது படத்தில்தான். மின்தடைக்கு 💡 போடுகிறோமே, யாராவது கேட்டார்களா?

தக்கலைச்சந்தை:
அண்ணே, பல்பு எந்த ஃபோனிலும் பல்புதான். தபாலாபீஸ் அப்படியா? எழுத்துக்கும் படத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் இரண்டு கட்டடம் இருக்கிறது, இரண்டும் 2010-ல் அதன் 6.0 பதிப்பில் வந்தவை. 🏣 ஜப்பான் அஞ்சலகம், அதன் நெற்றியில் இருப்பது அந்த நாட்டுத் தபால் குறி. 🏤 ஐரோப்பாவுடையது. பல நிறுவனங்கள் அதில் ஐரோப்பியத் தபாலின் அடையாளமான ஊதுகொம்பை வரைந்திருக்கின்றன. அவசரத்தில் விரல் எதில் படுமோ அது போகும். யூனிகோடு கொடுப்பது எண் மட்டும், 🏤 என்றால் 127972. கட்டடத்தை வரைவது ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு. வாட்ஸ்அப்கூட ஆண்ட்ராய்டில் தன் சொந்தப் படத்தைக் காட்டும், ஐபோனில் ஆப்பிள் படம் வரும். நம்மூர் தபாலுக்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம்?

குளச்சல்கரை:
கொம்பு இல்லை, மணி இருந்ததே! திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தபாலான அஞ்சலில் ஓட்டக்காரர் மணி கட்டிய கம்போடுதான் ஓடினார். 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை இந்தப் பக்கமெல்லாம் அந்த அஞ்சல்தான். அதை விடுங்கள். நகக்கண் அளவுப் படத்தில் கொம்பை யார் உற்றுப் பார்க்கிறார்?

பழைய பென்ஷனர்:
தம்பி, எல்லாரும் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பார்வை மங்கல், செய்தியை ஃபோன் வாசித்துச் சொல்லும். போன தடவை யாரோ 🏣 போட்டிருந்தார்கள். "ஜப்பானிய அஞ்சல் நிலையம், சனிக்கிழமை, பத்து மணி" என்கிற பாவனையில் வாசித்தது. சனிக்கிழமை காலையில் நான் ஜப்பானுக்கா போக?

குளச்சல்கரை:
அதனால்தான் ஐயா 🏤 மட்டும் என்று சொன்னேன். அதை வெறும் அஞ்சலகம் என்றுதான் வாசிக்கும்.

பழைய பென்ஷனர்:
வாசிக்கட்டும். எந்த அஞ்சலகம்? தக்கலையா, குழித்துறையா, குளச்சலா? 629 என்று தொடங்கும் பின்கோடு நம்ம மாவட்டத்தில் எத்தனை! படம் அதைச் சொல்லுமா?

மார்த்தாண்டம் அச்சுக்கூடம்:
நோட்டீஸ் அடிப்பவன் பாடு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் நாங்கள் பக்கம் அமைக்கிறோம். மாற்றும்போது கட்டடம் இருந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் வரும், இல்லை ஒன்றுமே வராது. "அஞ்சலகம்" என்ற சொல்லும் இல்லையென்றால் நோட்டீஸில் மிஞ்சுவது "சனி 10 மணி" மட்டும். எங்கே, என்னத்துக்கு என்று ஊரில் எல்லாரும் என்னிடம் வந்து நிற்பார்கள்.

தக்கலைச்சந்தை:
இணையதளத்தில் இதைவிட மோசம். நம்ம தளம் பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. அதில் எழுத்தைச் சேமிக்கும் முறையை "யுடிஎஃப்8" என்று வைத்தால் ஒரு எழுத்துக்கு 3 பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் இத்தனை காலம் பிரச்சினையே தெரியவில்லை. இந்தக் கட்டடத்துக்கு 4 வேண்டும். அமைப்பைப் பொறுத்து ஒன்று சேமிக்கவே மறுக்கும், இல்லையென்றால் அந்த எழுத்திலிருந்து மீதியை வெட்டிவிடும். நீங்கள் முன்னால் போடச் சொல்கிறீர்கள். அப்படியானால் அறிவிப்பு முழுக்கப் போச்சு, பக்கம் வெறுமையாக நிற்கும். 4 பைட்டுக்கும் இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் சரியாகும், அதுவரை தொடாதீர்கள். அடையாளம் கட்டாயம் வேண்டுமென்றால் ✉ போடுங்கள், அது 3 பைட்டுக்குள் அடங்கும்.

இரணியல் ஜங்ஷன்:
எஸ்எம்எஸ்ஸிலும் படம் போட்டால் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது 70 ஆகக் குறைந்து காசு கூடுமே?

தக்கலைச்சந்தை:
அது ஆங்கிலத்தில் எழுதினால். தமிழில் எழுதினாலே 70 தான். கட்டடம் அதில் இரண்டு இடம் பிடிக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

குளச்சல்கரை:
கடித உறையைப் பார்த்தால் ஏதோ மின்னஞ்சல் என்று நினைப்பார்கள். வேண்டாம். படத்தைக் கடைசியில் போட்டால் வெட்டினாலும் செய்தி தப்பிக்கும் என்பீர்கள், ஆனால் கடைசியில் போட்டால் தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணில் படாது. படம் முன்னால்தான் வேண்டும். சொல்லையும் எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போகிறேன்.

பழைய பென்ஷனர்:
அதோடு இன்னொன்று. போன மாச அறிவிப்பைத் தேட "அஞ்சலகம்" என்று அடித்தால், படம் மட்டும் போட்ட செய்தி வரவே வராது.

வேளிமலைக்காற்று:
டேட்டாபேஸை மாற்ற ஆள் பார்க்கிறேன். அதுவரை இணையதளத்திலும் நோட்டீஸிலும் எழுத்து மட்டும். இந்த வாரத்துக்கு இப்படிப் போடுகிறேன்: "தக்கலை அஞ்சலகம், 629175. ஆதார் திருத்தம். சனி காலை 10 மணி."

குளச்சல்கரை:
வாட்ஸ்அப்பில் ஒன்றும் வெட்டுப்படாதே. அங்கே நான் முன்னால் 🏤 ஒட்டித்தான் அனுப்புவேன்.

மார்த்தாண்டம் அச்சுக்கூடம்:
அனுப்புங்கள். எனக்குத் தரும் பிரதியில் மட்டும் அதை அழித்துவிட்டுத் தாருங்கள் அண்ணே.