கிணற்றுக்குள் இன்னொரு உலகம்: சிறார் நாவலில் கதவை எங்கே வைப்பது, எப்படி மூடுவது?

மைக்கூடு:

வணக்கம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான மாயச் சாகச நாவல் ஒன்றின் முதல் வரைவு முடிந்திருக்கிறது. 18 அத்தியாயம், சுமார் 31,000 சொல். தென்றலுக்கு வயது 11, தம்பி இளனுக்கு 8. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கிணற்றில் உச்சி வெயில் தண்ணீரைத் தொடும் நேரத்தில் குதித்தால் வேறோர் உலகம். அங்கே யாருக்கும் நிழல் கிடையாது. வெளியிலிருந்து வருகிறவர்களின் நிழலைத் திருடி விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. இளனின் நிழல் களவு போகிறது. அதை மீட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

மூன்று சிக்கல். கிணறு ஐந்தாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவரை பள்ளிக்கூடம், அப்பாவின் வேலை மாற்றம், பாட்டி சொல்லும் பழங்கதை. படித்துப் பார்த்த பிள்ளைகள் மூன்றாவதிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். அடுத்தது, உச்சிப்பொழுது தினமும்தான் வருகிறது. இன்றைக்குத் தவறினால் நாளைக்குத் திரும்பலாமே, பிறகென்ன அவசரம் என்ற கேள்விக்குக் கதையில் பதில் இல்லை. கடைசியாக உரையாடல்: பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா? அந்த உலகத்து ஆட்களை எப்படிப் பேசவைப்பது?

கட்டுத்தறி:

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். 31,000 சொல்லை 18 அத்தியாயத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,700 சொச்சம். முதல் நான்கு சேர்ந்து ஏறக்குறைய 6,900. அதாவது நாவலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகும் கிணறு வரவில்லை. மாய உலகம் என்று அட்டையில் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை அவ்வளவு நேரம் காத்திருக்காது. இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், 3,500 சொல்லுக்குள், இரண்டு பேரின் காலும் அந்தப் பக்கத்து மண்ணில் பட்டுவிட வேண்டும். 1900இல் வந்த ஓஸ் என்ற மாய நாட்டுக் கதையில் முதல் அத்தியாயத்திலேயே டோரதி என்ற சிறுமியைச் சூறாவளி வீட்டோடு பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது.

வெட்டுவதற்கு ஒரு வழி: முதல் நான்கு அத்தியாயங்களை அச்செடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது கிணற்றுக்கு அந்தப் பக்கம் எந்த அத்தியாயத்தில் வேலைக்கு வருகிறது என்று எண் எழுதுங்கள். எண் எழுத முடியாத பத்தி போகட்டும். எண் எழுதியதிலும் பாதிக்கு மேல் அந்த அத்தியாயத்துக்கே குடிபெயரும். பாட்டியின் பழங்கதை முழுதாக முன்னால் வர வேண்டியதில்லை. சந்தையில் வழி தெரியாமல் நிற்கும்போது அதிலிருந்து இரண்டு வரி தென்றலின் நினைவுக்கு வந்தால் போதும். அங்கேதான் அதற்கு மதிப்பு.

இந்தப் பக்கத்தில் தங்க வேண்டியவை தென்றலின் ஒரு குறை, தம்பியோடு தீராத ஒரு சண்டை, சட்டைப்பையில் ஒரு சாதாரணப் பொருள். பொருளை அலட்சியமாக எண்ணாதீர்கள். ஓஸ் கதையில் வீடு திரும்பும் வழியான வெள்ளிக் காலணி டோரதிக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதன் சக்தி தெரிவதுதான் கடைசியில். முடிவில் திடீரென்று ஒரு மந்திரவாதி வந்து காப்பாற்றினால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். விடை ஆரம்பத்திலிருந்தே தங்கள் கண் முன்னால் இருந்தது என்றால் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தேடுவார்கள்.

பெரியவர்களை ஒதுக்க ஓர் அத்தியாயம் செலவழிக்காதீர்கள். நாட்டார் கதைகளை 31 செயல்களாகப் பிரித்த விளாதிமிர் பிராப், 1928இல் வந்த தம் நூலில் முதல் செயலாக வைத்ததே குடும்பத்தில் ஒருவர் வீட்டைவிட்டுப் போவதைத்தான். அப்பா வேலைக்குப் போய்விட்டார், பாட்டி மதியத் தூக்கம். ஒரு வரியில் முடிந்தது.

நிழற்கோல்:

இரண்டாவது சிக்கலுக்கு விடை உங்கள் கிணற்றிலேயே இருக்கிறது. ஆழமான கிணற்றில் உச்சி வெயில் தினமும் தண்ணீரைத் தொடாது. பெரும்பாலான நாட்களில் சுவரின் மேல்பகுதியோடு நின்றுவிடும்.

கிணறு 1 மீட்டர் அகலம், தண்ணீர் 12 மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் நடுவில் வெயில் விழ வேண்டுமானால் சூரியன் நேர் உச்சியிலிருந்து 2.4 பாகைக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. சூரியன் 1 பாகை நகர 4 நிமிடம் ஆகும். இந்தப் பக்கம் 2.4, அந்தப் பக்கம் 2.4: மொத்தம் 19 நிமிடம். கதவு திறந்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

சூரியன் அப்படி நேர் உச்சிக்கு வருவது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கும் இடங்களில் மட்டும், அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை. அதற்குப் பெயரே நிழலில்லா நாள்! நட்டுவைத்த குச்சிக்கு நண்பகலில் நிழல் விழாது. நிழல் திருடும் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. வட அட்சரேகை 10 பாகையில் ஏப்ரல் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாலரை மாதம்.

கதவு அந்த ஒரே நாளோடு மூடிவிடாது. சூரியனின் பாதை நாளுக்கு 0.36 பாகை அளவில் விலகிக்கொண்டே போகும். 3 நாள் கழித்து 17 நிமிடம், 5 நாள் கழித்து 13, 6 நாள் கழித்து 8, ஏழாம் நாள் வெயில் தண்ணீரின் நடுவை எட்டாது. தானாகவே ஒரு கெடு அமைந்துவிடுகிறது. கெடு வைக்க வில்லன் தேவையில்லை.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: குதிப்பதை எடுத்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை செய்துபார்க்கக்கூடிய ஆபத்தைக் கதவாக வைக்கக் கூடாது. 1950இல் வந்த நார்னியா கதையில் வேறோர் உலகத்துக்குக் கதவு ஒரு துணி அலமாரி. ஆனால் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது மடத்தனம் என்று எழுத்தாளர் மறுபடி மறுபடி சொல்கிறார். உங்கள் கதையில் வெயில் தண்ணீரைத் தொடும்போது கயிறு விட்டு வாளியில் மொள்ளட்டும். அந்தத் தண்ணீரைக் கல்லில் கொட்டட்டும். ஈரத்தில் கால் வைத்தால் அந்தப் பக்கம். ஈரம் விளிம்பிலிருந்து சுருங்கிக்கொண்டே வருவதைப் படிக்கிற பிள்ளையால் மனக்கண்ணில் பார்க்க முடியும்.

ஒற்றெழுத்து:

மொழிக்கு வருகிறேன். கதை சொல்லும் குரல் எளிய எழுத்துத்தமிழ், பிள்ளைகளின் உரையாடல் மட்டும் மெல்லிய பேச்சுத்தமிழ். “வந்துட்டேன்”, “போலாமா” அளவு போதும். “வந்துக்கிட்டிருந்திருப்பாங்க” மாதிரி நீளமான பேச்சு வடிவத்தை ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். அந்த இடத்தில் சாகசம் நின்றுபோகும்.

அந்த உலகத்தாருக்குப் புரியாத புது மொழி செய்ய வேண்டாம். இலக்கணத்தில் ஒரே ஒரு பழக்கம் கொடுங்கள். தமிழில் அதற்கு அருமையான இடம் ஒன்று உண்டு: நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். சந்தைக்காரர்கள் எப்போதும் “நாம்” என்றே பேசட்டும். பதிலுக்கு ஒரு பிள்ளை “நாம்” என்று சொல்லிவிட்டால் அது அவர்கள் கூட்டத்தில் சேர்ந்தாயிற்று. அதன் நிழல் சந்தைக்குச் சொந்தம். இளனின் நிழல் போனது இப்படித்தான் என்று ஆறாம் அத்தியாயத்தில் தென்றல் கண்டுபிடித்தால், பிறகு வரும் ஒவ்வொரு உரையாடலிலும் பதற்றம் இருக்கும்:

“நாம் கிளம்பலாமா?” என்றான் வியாபாரி.

இளன் வாயைத் திறந்தான். தென்றல் அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

“நாங்க கிளம்புறோம்,” என்றாள். “நீங்க இருங்க.”

ஒரு மந்திரமும் இல்லை, ஒரு வாளும் இல்லை. ஆனாலும் படிக்கிற பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். விதியை விளக்கிப் பத்தி எழுதாதீர்கள். முதல் தடவை மீறப்படுவதையும் இரண்டாம் தடவை தப்புவதையும் காட்டினால் போதும்.

நீளம் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த வயதுக்கு 30,000 முதல் 50,000 சொல் என்று சொல்வார்கள். வேற்றுமை உருபுகள் ஒட்டி வருவதால் தமிழில் அதே கதை குறைந்த சொல்லில் முடிந்துவிடும். வெட்டிய பிறகு 28,000 வந்தாலும் அது முழு நாவல்தான்.

மைக்கூடு:

வாளியையும் “நாங்க”வையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. ஆனால் 19 நிமிடத்தில் சந்தைக்குப் போய், நிழலை மீட்டு, திரும்புவது எப்படி? கதைக்கு அங்கே குறைந்தது நான்கு நாள் வேண்டும். நாட்கணக்கில் காணாமல் போனால் இங்கே வீடே தேட ஆரம்பித்துவிடும்.

நிழற்கோல்:

இரண்டு உலகத்துக்கும் வேறு வேறு காலம் வையுங்கள். மனிதருக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. அதையே வைத்தால் அந்த உலகத்தாருக்கு நம் பிள்ளைகள்தான் தேவர்கள். இங்கே ஒரு நாள் அங்கே 360 நாள் என்றால், இங்கே 1 நிமிடம் அங்கே 6 மணி நேரம். 19 நிமிடத்துக்கு 114 மணி, அதாவது நான்கே முக்கால் நாள். முழுச் சாகசமும் பாட்டியின் ஒரு தூக்கத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் முதலில் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாளை திரும்பலாம்தான், ஆனால் இங்கே அடுத்த உச்சி வருவதற்குள் அங்கே ஏறக்குறைய ஓராண்டு போயிருக்கும். ஒரு வாரத்தையும் தவறவிட்டு ஆகஸ்டுக்குக் காத்திருந்தால் நூறாண்டுக்கு மேல்.

விதிக்குள் ஒரே ஓர் ஓட்டை மட்டும் விடுங்கள், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஆயிரம் ஆண்டு அரியணையில் இருக்க விக்கிரமாதித்தன் வரம் வாங்கியபோது, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று பிரித்து அதை இரண்டாயிரமாக்கியது அவன் அமைச்சன் பட்டியின் புத்தி. வரம் மாறவில்லை, அதை வாசித்த விதம்தான் மாறியது. உங்கள் ஓட்டை அந்த மாதிரி இருக்கட்டும்.

அத்தியாயத் தலைப்புக்கு மேல் ஈரம் உலர மீதி எத்தனை நிமிடம் என்று போடலாம்: 19, 17, 15. ஆனால் அங்கே ஒரு நாள் என்பது இங்கே 4 நிமிடம். முதல் இரவு தூங்கி எழும்போது எண் 15க்கு வந்திருக்க வேண்டும், இரண்டாம் இரவு 11க்கு. சந்தைக்கு நடக்கும் தூரம், தூங்கும் நேரம், ஒளிந்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் தனித்தாளில் கூட்டிப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகளும் விரலை மடக்கிக் கூட்டிப் பார்ப்பார்கள்.

கடைசி அத்தியாயத்துக்கு ஒன்று: நிழல் கிடைக்காமலே இளன் திரும்பினாலும், அந்த 19 நிமிடத்தில் இங்கே யாருக்கும் நிழல் இருக்காது. பாட்டி எழுந்து வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. சூரியன் மெல்லச் சாயும்போது முற்றத்தில் பாட்டியின் காலடியிலும் தென்றலின் காலடியிலும் ஒரு கறுப்புக் கோடு முளைக்கும். அப்போது இளனின் காலடியைக் காட்டுங்கள்.