கூண்டுக்குள் அடைய மறுக்கும் கோழிகள்: என்ன காரணம்?

ஆலங்குடி வாசி:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் நானே ஒரு கோழிக்கூண்டு கட்டியிருக்கிறேன். எட்டடி நீளம், நாலடி அகலம். சவுக்குக் கம்பில் சட்டம், மேலே தகர ஷீட், வெயிலுக்காக அதன்மேல் தென்னங்கீற்று. பக்கங்களில் கோழிவலை. தரையை ஓரடி உயர்த்திச் செங்கல் பரப்பி, உமி கொட்டியிருக்கிறேன். உட்கார மூங்கில் கழிகள். சிறுவிடைக் கோழிகள் பத்து, சேவல் ஒன்று. மாசியில் விட்டபோது பொழுது சாய்ந்ததும் தாமாகவே உள்ளே போய் அடைந்துவிடும்.

சித்திரை பிறந்ததிலிருந்து ஒன்றுகூட உள்ளே போக மாட்டேன் என்கிறது. எல்லாம் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. பிடித்து உள்ளே விட்டாலும் கழியில் நிற்பதில்லை. இறங்கி வந்து கதவோரம் குவிகின்றன. முட்டையும் குறைந்துவிட்டது. போன வாரம் மரத்திலிருந்த ஒரு கோழியை மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாசல் வைத்த திசை சரியில்லை என்கிறார் அம்மா. கிழக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

கருஞ்சேவல்:
பாம்பு வந்து போகிறது, வேறென்ன. உமிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கூண்டைச் சுற்றி வளை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆலங்குடி வாசி:
பார்த்துவிட்டேன் ஐயா. வளையும் இல்லை, சட்டையும் இல்லை. முட்டை காணாமல் போகவும் இல்லை, இடுவதுதான் குறைந்திருக்கிறது.

தச்சுப்பட்டறை:
தகரத்தின் சூடாக இருக்கலாம். இரவு ஏழு மணிக்கு உள்ளே கையை நீட்டி ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கவில்லை என்றால் கோழியும் பொறுக்காது.

ஆலங்குடி வாசி:
தொட்டுப் பார்த்தேன். கீற்று இருப்பதால் வெதுவெதுப்போடு சரி. நள்ளிரவில் நன்றாகவே குளிர்ந்துவிடுகிறது. அப்போதும் அவை உள்ளே நிற்பதில்லை.

ஈரோட்டுக்காரி:
தம்பி, பகலில் உள்ளே போய்த் தீனி தின்கின்றனவா? கொண்டை வெளுத்திருக்கிறதா? பங்குனியில் வெளியிலிருந்து புதுக் கோழி ஏதும் வாங்கினீர்களா?

ஆலங்குடி வாசி:
பகலில் தாராளமாகப் போய் வருகின்றன அக்கா. இரண்டு கோழிகளுக்குக் கொண்டை வெளிறித்தான் இருக்கிறது. பங்குனியில் வாரச்சந்தையில் இரண்டு விடைக்கோழிகள் வாங்கினேன்.

ஈரோட்டுக்காரி:
அப்படியானால் இது செல், கோழிகளைப் பற்றும் பொடிப்பூச்சி. அதில் ஒரு வகை பகலில் கோழி மேல் இருக்காது. கழி இடுக்கிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு வந்து இரத்தம் குடிக்கும். அதனால்தான் பகலில் அச்சமில்லாமல் நுழைகிற கோழி இரவில் மறுக்கிறது. இன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆலங்குடி வாசி:
துடைத்தேன். துணி முழுக்க இரத்தக் கீறல். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால், மூங்கிலின் வெட்டிய முனைக்குள் மிளகுத்தூள் கொட்டி அது நகர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி இருக்கிறது. என் கையிலும் ஏறிவிட்டது, இன்னும் அரிக்கிறது.

கருஞ்சேவல்:
பாம்பைவிட மோசம்தான். தீப்பந்தம் கொளுத்தி இடுக்கிடுக்காகக் காட்டுங்கள், பொசுங்கிப்போகும்.

ஈரோட்டுக்காரி:
ஐயா, மேலே காய்ந்த கீற்று கிடக்கிறது! செல்லோடு கூண்டும் போய்விடும். நெருப்பு வேண்டாம் தம்பி. மூங்கில் கழிகளை வெளியே எடுத்துத் தனியாக எரித்துவிடுங்கள். அந்த உட்குழிவுதான் அதற்குக் குடியிருப்பு. உமியையும் முழுக்க வாரி எரியுங்கள், குப்பைக்குழியில் கொட்டாதீர்கள். சட்டத்தின் மூட்டுகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இடுக்குகள் அடைபடும்படி பூசுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை பொரித்துவிடும். ஆகவே ஒரு வாரம் கழித்து வெந்நீரும் சுண்ணாம்பும் இன்னொரு முறை. கூண்டைச் சும்மா பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல வாரம் பட்டினி கிடக்கும்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மட்டும் கோழி மேல் தெளிக்கக் கூடாது. மருந்து தேவைப்பட்டால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கொல்லையில் ஒரு குழி தோண்டி மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போடுங்கள், அவையே புரண்டுகொள்ளும்.

தச்சுப்பட்டறை:
கழிக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். இரண்டங்குலச் சதுர ரீப்பரை (மரச்சட்டம்) இழைத்து, மேல் விளிம்பை உருட்டி எடுங்கள். சுவரிலோ வலையிலோ படாமல் நான்கு கால் கொடுத்து மேசைபோல் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலையும் ஒரு பழைய தகர டப்பாவில் வைத்துக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டால், செல் ஏறுவதற்கு வழியில்லை. வெளியே எடுத்துக் கழுவவும் வசதி.

இன்னொன்று. நீங்கள் அடித்திருக்கும் கோழிவலை கோழி வெளியே போகாமல்தான் தடுக்கும். மரநாய் உள்ளே வராமல் தடுக்காது. கீழிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் அடியுங்கள். கீரி தோண்டும், அதனால் மெஷ்ஷை மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள்.

ஆலங்குடி வாசி:
இருவருக்கும் நன்றி. கழிகளை எரித்தாயிற்று, ரீப்பர் சொல்லியிருக்கிறேன். அதுவரை கோழிகள் திண்ணையில் பஞ்சாரத்துக்குள் இருக்கின்றன. ஒரு சிக்கல்: கூண்டின் மூலையில் ஒரு கோழி மட்டும் மரமேறாமல் அடையில் இருக்கிறது, பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதை எடுக்கலாமா?

ஈரோட்டுக்காரி:
எடுத்தே ஆக வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளைச் செல் உறிஞ்சினால் ஒன்றும் தேறாது. இருட்டிய பிறகு புதுக் கூடையில் புது வைக்கோலும் நொச்சித் தழையும் பரப்பி, முதலில் முட்டைகளை மாற்றுங்கள். கோழியின் இறகுக்குள், குறிப்பாக வாலடியில், சாம்பலைத் தேய்த்துவிட்டுப் பிறகு முட்டை மேல் உட்கார வையுங்கள். பழைய வைக்கோலை அப்போதே எரித்துவிடுங்கள். இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும் என்று பயந்து அம்மா கரித்துண்டும் இரும்பாணியும் போட்டிருப்பார். அவற்றையும் வெந்நீரில் போட்டெடுத்துப் புதுக் கூடையில் வைத்துவிடுங்கள், அம்மாவோடு வழக்கு வேண்டாம்.