ஊசி வதந்திக்கு குரூப்புலேயே பதில் போடணுமா, வீட்டுக்குப் போகணுமா?

காசிமேடு சிஸ்டர்:
போன வாரம் ஏரியா குரூப்புல ஒரு வாய்ஸ். எம்.ஆர் ஊசி, அதான் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி, போட்ட பொண்ணுக்குப் பிற்காலத்துல குழந்தை பொறக்காதாம், உடனே பத்து பேருக்கு அனுப்பணுமாம். பேசறவர் டாக்டராம். பேர் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, தேதி இல்ல, பல தடவை ஃபார்வர்டு ஆனதுன்னு காட்டுற ரெட்டை அம்புக்குறி மட்டும் மேல இருக்கு. 2017ல ஸ்கூல்ல எம்.ஆர் போட்டப்பவும் வாட்ஸ்அப்புல இப்படித்தான் கிளப்பினாங்க. நான் குரூப்புல வாயே திறக்கல, ஒம்போது மாசக் குழந்தை இருக்கிற மூணு வீட்டுக்கு நேரா போனேன்.

ராயபுரம்காரன்:
தப்பு சிஸ்டர். குரூப்புல இருக்கிற மத்தவங்க கதி? 1998ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில, எம்.ஆரோட பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடற எம்.எம்.ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டாரே வேக்ஃபீல்டுங்கற டாக்டர், அவர் காட்டினது வெறும் 12 பிள்ளைங்க. 2010ல அந்தப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்கிடுச்சு, பிரிட்டன்ல அவரோட டாக்டர் பதிவும் போச்சு. இதைப் போட்டிருந்தா வாயடைச்சுப் போயிருப்பானுங்க.

காசிமேடு சிஸ்டர்:
அவங்க பயம் குழந்தை பொறக்குமான்னு, தம்பி. நீங்க ஆட்டிசம்னு ஆரம்பிச்சா, இல்லாத பயம் ஒண்ணு புதுசா சேரும். ஒரு அம்மா இறால் உரிச்சிக்கிட்டே, "உம் பொண்ணுக்குப் போடுவியா?"ன்னாங்க. போட்டாச்சுக்கான்னேன். ரூபெல்லா மாசமா இருக்கும்போது வந்தா வயித்துப் பிள்ளையோட கண்ணு, காது, இருதயம்னு கெடுக்கும், பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்த ஊசின்னேன். அப்பத்தான் கையைக் கழுவிட்டு தடுப்பூசி அட்டையை எடுத்தாங்க.

புளியந்தோப்பு அம்மா:
ரெண்டு பேருமே பெருசா பேசறீங்க. எம் பையனுக்கு ஒன்றரை மாச ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி உடம்பு அனலா கொதிச்சுது, தொடை கல்லு மாதிரி வீங்கிடுச்சு. காய்ச்சல் வரும்னு யாரும் சொல்லல. மறுநாள் போய்க் கேட்டா, "அதெல்லாம் வரும்மா"ன்னு எரிஞ்சு விழுந்தாங்க. அன்னைக்கு எவன் எதை அனுப்பியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

ராயபுரம்காரன்:
அக்கா சொல்றது நியாயம். ஆனா அந்த வாய்ஸ் இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு? கட்டுரை வேணாம் சிஸ்டர், உங்க குரல்ல அரை நிமிஷம் போடுங்க. உங்களைத் தெருவுக்கே தெரியும்.

காசிமேடு சிஸ்டர்:
அது செய்யலாம். ஆனா "குழந்தை பொறக்காதாமே"ன்னு அந்தப் பொய்லேர்ந்து ஆரம்பிக்க மாட்டேன், பாதி கேட்டவங்க மனசுல அதுதான் நிக்கும். ரூபெல்லாவுல ஆரம்பிக்கறேன்.

புளியந்தோப்பு அம்மா:
காய்ச்சல்?

காசிமேடு சிஸ்டர்:
அதையும் சொல்றேங்க்கா. எம்.ஆருக்கு ஒரு வாரம் கழிச்சு லேசா காய்ச்சலும் தோல்ல சிவப்புத் தடிப்பும் வரலாம்.